பணி செய்வாரைப் பேணும் முறை
(தென்திசை சென்ற வானர முதலிகளின் சரிதம் கொண்டு விளக்கியது)

திருத்தேர் நிலையை விட்டுப் புறப்படும் வேளையில் ஸேவார்த்திகளின் கண்கள் யாவும் மேலே, எம்பெருமான் எழுந்தருளியிருக்கும் பீடத்தையே நோக்கியிருக்கும். அதுவே முறையுமாம். ஆயினும் அவ்வேளையில் கண்ணைச் சற்றே தாழ்த்திச் சக்கரத்தின் அருகே பார்ப்பவர்க்கு வேறொரு காட்சி புலப்படும். இரு பக்கத்திலும் கையில் முட்டுக்கட்டையுடன் சிலர் குனிந்தபடியே தேரோடு நகர்ந்து வருவர். தேர் ஒரு பக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கினால் கட்டையைச் சக்கரத்தின் கீழே கொடுத்துத் திருப்ப வேண்டியவர் இவர்கள். ஒரு கணம் பிந்தினால் வீதியோரத்து வீடு போம். ஒரு விரல் பிழைத்தால் கட்டை கொடுத்தவனின் கை போம். ஊரெல்லாம் 'கோவிந்தா' என்று கோஷித்து மேலே பார்க்கும்போது இவர்களுக்கு மேலே பார்க்க அவகாசம் இல்லை. உத்ஸவத்தில் அனைவர்க்கும் ஸேவை வாய்க்கச் செய்து, தாம் மட்டும் ஸேவையை இழந்து நிற்பவர்கள் இவர்களே.

இவர்கள் மட்டுமா? ஸ்ரீபாதம் தாங்குவார், மடைப்பள்ளியில் விடியுமுன் அடுப்பு மூட்டும் பரிசாரகர், திருவலகிடுவார், தீவட்டி பிடிப்பார், புஷ்பம் தொடுப்பார், மேளக்காரர், பந்தற்கால் நடுவார், கூட்டம் கலைந்த பின்னர் எச்சில் இலையும் குப்பையும் வாருவார் எனப் பல்லோருடைய கைகளால் நடப்பதே ப்ரஹ்மோத்ஸவம். இத்தனை பேரையும் ஒரு காரியத்தில் ஒன்றுபடுத்தி நடத்துகிறவர், அவர் தர்மகர்த்தாவாயினும் அதிகாரியாயினும் உபயதாரராயினும், அவர்களை எங்ஙனம் நடத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையிற் கொண்ட விஷயம். இக்காலத்தில் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஒரு வேலையைக் குறித்த நாளில் முடிப்பதற்கெனத் திட்டக்குழு அமைத்து, அதனை நடத்துவதற்கென்றே பாடம் பயில்விக்கின்றனர். நல்லதே. ஆனால் ஆதிகாவியத்தில் வால்மீகி முனிவர் இதே விஷயத்தை, குற்றங்களையும் மறையாமல், ஒரு பெருங்கதையாகவே நடத்திக் காட்டியுள்ளார்.

கிஷ்கிந்தா காண்டத்திலே, பிராட்டியைத் தேடுவதற்கு மஹாராஜராகிய ஸுக்ரீவர் நான்கு சேனைகளை வகுத்தார். கிழக்கே வினதன், மேற்கே தாரையின் தந்தையாகிய ஸுஷேணன், வடக்கே சதபலி, தெற்கே இளவரசனாகிய அங்கதன். தென்திசைச் சேனையில் திருவடியாகிய அனுமானும் ஜாம்பவானும் நீலனும் இருந்தனர். ஒவ்வொரு திசைக்கும் போகிறவர்களுக்கு மலை, ஆறு, காடு, நாடு என்று வழியனைத்தையும் மஹாராஜர் விரித்துரைத்தார். வேலையை ஏவுகிறவன் வேலையின் இயல்பை அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல இலக்கணம். 'போய்த் தேடுக' என்று மட்டும் சொல்லி அனுப்பினாரில்லை.

ஆயினும் அவர் விதித்த கெடுவில் ஒரு முள் இருந்தது. ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும். முதலில் வந்து 'கண்டேன்' என்பவன் தமக்கு நிகரான போகம் பெறுவான். மாதம் கடந்து வருபவன் கொல்லப்படுவான் என்றார். பரிசும் சொன்னார், தண்டனையும் சொன்னார். இவ்விரண்டில் எது வானரர் நெஞ்சில் தைத்து நின்றது என்பது பின்னர் விளங்கும்.

பெருமாள் செய்ததோ வேறு. நால்வகைச் சேனையும் தம் முன்னே நிற்க, திருவடி ஒருவரையே அருகழைத்துத் தம் திருநாமம் பொறித்த கணையாழியைக் கொடுத்தார். சேனைக்குத் தலைவன் அங்கதனாயிருக்க, அடையாளம் திருவடி கையில் சென்றது. இது தலைவனுக்குக் குறைவன்றோ எனின், அங்கதன் அதைக் குறைவாகக் கொண்டதாக முனிவர் ஓரிடத்தும் கூறவில்லை. காரியம் யாரால் முடியுமோ அவரிடம் கருவியைக் கொடுப்பதும், பதவி யாருக்கு உரியதோ அவரிடம் பதவியை வைப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை அந்தச் சேனை அறிந்திருந்தது. நம் திருவிழாக் குழுக்களில் இந்த ஒன்று விளங்காமையால் எழும் மனத்தாபங்களை எண்ணிப் பார்த்தால் அங்கதனுடைய பெருமை நன்கு புலப்படும்.

மற்றை மூன்று சேனைகளும் கெடுவுக்குள் வெறுங்கையோடு திரும்பின. தெற்கே சென்றவர்களோ விந்திய மலையில் குகைகள்தோறும் தேடி, நீரும் உணவுமின்றிக் களைத்து, ஒரு பெரும் பிலத்துள் புகுந்து வழி தப்பினர். அங்கே தவம் செய்திருந்த ஸ்வயம்ப்ரபை அவர்களுக்கு உணவளித்து வெளியேற்றிவிட்டாள். வெளியே வந்து மரங்களைப் பார்த்தால், மாதம் கடந்து பருவம் மாறியிருந்தது.

இங்கேதான் முள் குத்தியது. 'கெடு கடந்தது, திரும்பினால் மரணம்' என்று அங்கதன் சோர்ந்தான். பிலத்துக்குள்ளேயே திரும்பிச் சென்று ஒளிந்து வாழலாம் என்றான் தாரன் என்னும் வானரன். திருவடி நியாயங்கள் பல எடுத்துக் கூறித் தடுத்தார். அதற்கு அங்கதன் சொன்ன மறுமொழி கவனிக்கத்தக்கது. தன் சிறிய தந்தையிடத்தில் தனக்கு நம்பிக்கையில்லை என்றும், பெருமாளுக்குச் செய்த பிரதிஜ்ஞையையே மறந்திருந்தவர் இளைய பெருமாளிடம் கொண்ட அச்சத்தால் அன்றோ தேடத் தொடங்கினார் என்றும் உள்ளத்தில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிட்டான். பிறகு தர்ப்பத்தைப் பரப்பி உயிர்விடத் துணிந்து அமர்ந்தான். முதலிகள் யாவரும் அழுதுகொண்டே அவனைச் சூழ்ந்து அமர்ந்தனர்.

இதனைச் சற்றே நின்று நோக்க வேண்டும். அச்சேனையில் வீரத்துக்குக் குறைவில்லை, முயற்சிக்கும் குறைவில்லை. தாமதத்துக்குக் காரணம் சோம்பலுமன்று. அப்படியிருந்தும், காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை ஒருவர்க்கும் இல்லை. கொலைத் தண்டனையைக் கூறியவர் அதைச் சோம்பேறிகளை எண்ணிக் கூறியிருக்கலாம். அது சென்று தைத்ததோ உழைத்தவர்களின் நெஞ்சில். சோம்பியவனுக்கு எவ்வாறும் ஒரு சாக்குக் கிடைக்கும். உண்மையாக உழைத்தவனே கெடுவை எண்ணி உயிர்விட அமர்கிறான். பிராட்டி இருக்குமிடத்தை அறியக் கடற்கரை ஒன்றே எஞ்சியிருந்த நிலையில், அவதார காரியம் முழுவதும் அந்தத் தர்ப்பப் புல்லின்மேல் முடிந்துபோக இருந்தது.

அதனை மீட்டது எது? ஒரு நன்றிச் சொல்.

சிறகு கருகி மலையுச்சியிற் கிடந்த ஸம்பாதி என்னும் கழுகரசன், இத்தனை வானரர் உயிர்விட இருப்பதைக் கண்டு, தனக்கு உணவு வந்ததென்று மகிழ்ந்தான். அவனைக் கண்ட அங்கதன் திருவடியை நோக்கி, காலனே வந்தான் என்று வருந்தி, அந்த வருத்தத்தினூடே பெரிய உடையாராகிய ஜடாயுவை நினைத்தான். பெருமாளுக்காக ராவணனோடு பொருது உயிர்விட்ட அந்தப் பறவையரசன் பாக்கியசாலி என்றும், பறவையும் விலங்கும்கூடப் பெருமாளுக்கு உதவியாக உயிரைக் கொடுத்தன என்றும் புகழ்ந்து பேசினான். தன் உயிர் போகும் வேளையில், தனக்கு முன்னே அதே காரியத்தில் உயிர்விட்ட ஒருவரை மறவாமல் போற்றினான் அவன். அந்தச் சொல் ஸம்பாதியின் செவியில் விழுந்தது. ஜடாயு அவனுக்குத் தம்பி. உண்ண வந்தவன் தழுதழுத்த குரலில், தம்பியின் பெயரைச் சொன்னவர் யார், தன்னைக் கீழே இறக்குவார் உண்டோ என்று வேண்டினான். முதலிகள் முதலில் ஐயுற்றனர். எவ்வாறும் இறக்கப் போகிறவர்க்கு அச்சம் எதற்கென்று தேறி, அங்கதனே அவனை மலையிலிருந்து இறக்கினான். தம்பிக்கு நீர்க்கடன் செய்யவும் அவனைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்றனர். பிராட்டி இலங்கையில் இருக்கிறாள் என்னும் செய்தி அவன் வாயிலிருந்து வந்தது. ஒரு மாதம் தேடியும் கிடைக்காதது, மறைந்த ஒருவரை நன்றியோடு நினைத்ததனால் கிடைத்தது.

பின்னர்க் கடற்கரை. நூறு யோஜனை கடலைக் கண்டு முதலிகள் மனம் தளர்ந்தபோது, அங்கதன் ஒவ்வொருவரையும் எவ்வளவு தூரம் தாவ வல்லீர் என்று கேட்டான். கஜன் பத்து யோஜனை என்றான். அடுத்தவர் இருபது என்றார். இவ்வாறு பத்துப் பத்தாய் ஏறி, ஜாம்பவான் முதுமையினால் இப்போது தொண்ணூறு என்றார். பத்து என்றவனைப் பார்த்து ஒருவரும் நகைத்ததாகக் காவியத்தில் இல்லை. தன்னால் இயன்றதை உள்ளபடி ஒருவன் சபையில் சொல்ல வேண்டுமாயின், குறைவாகச் சொன்னவனை அவமதிக்காத சபையாக அது இருக்க வேண்டும். அவமதிக்கும் சபையில் பத்து யோஜனை தாவுகிறவனும் நூறு என்பான். நடுக்கடலில்தான் உண்மை வெளிப்படும்.

அங்கதன் தான் நூறும் தாவுவதாகவும் திரும்புவதே ஐயம் என்றும் கூற, ஜாம்பவான் தடுத்தார். தலைவனை ஏவுவது தகாது. அவன் மற்றவரால் காக்கப்பட வேண்டியவன் என்றார். பிறகு, இத்தனை பேச்சிலும் ஒரு சொல்லும் சொல்லாமல் ஓரமாக அமர்ந்திருந்த திருவடியினிடம் சென்றார். அவர் பிறந்த வரலாற்றையும், குழந்தைப் பருவத்தில் சூரியனைப் பற்றத் தாவியதையும், பெற்ற வரங்களையும் நினைவூட்டினார். கேட்கக் கேட்கத் திருவடி வளர்ந்தார்.

இவ்வட்டாரத்து அன்பர்களுக்கு ஜாம்பவான் அந்நியர் அல்லர். அதே கடற்கரையில் அவர் தம் இளமையைக் குறிப்பிடும்போது, மஹாபலியின் யாகத்தில் திரிவிக்கிரமனாய் வளர்ந்த எம்பெருமானைத் தாம் வலம் வந்ததாகக் கூறுகிறார். தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரில் ஒரு திருவடியை உயர்த்தி நிற்கும் உலகளந்த பெருமானை ஸேவிக்கிறவர்கள், அந்த உருவத்தை வளரும்போதே வலம் வந்த முதியவர் ஒருவரே பின்னாளில் மற்றொருவரை வளரச் செய்தார் என்று எண்ணி மகிழலாம். அந்தத் திவ்யதேசத்து இடைகழியும் இங்கே நினைவுக்கு வருகிறது. மழையிரவில் ஒருவர் படுக்கும் இடத்தில் பொய்கையாழ்வார் இருக்க, பூதத்தாழ்வார் வந்ததும் இருவர் அமர்ந்தனர். பேயாழ்வார் வந்ததும் மூவரும் நின்றனர். இடமில்லை என்று முன்னவர் பின்னவரைத் திருப்பவில்லை. நெருக்கியதால் நான்காமவனாக எம்பெருமானும் வந்து சேர்ந்தான்.

இனி, இலங்கையிலிருந்து திருவடி மீண்ட பின்னர் நடந்தது. நிர்வாகம் செய்கிறவர்கள் பெரும்பாலும் கவனியாமல் விடும் பகுதி இதுவே. ஜயத்தோடு மீண்ட திருவடி நேரே பெருமாளிடம் பறந்து செல்லவில்லை. கடற்கரையில் காத்திருந்த தம் குழுவினரிடம் இறங்கினார். ஜாம்பவான் முதலிய பெரியோரையும் அங்கதனையும் வணங்கினார். நடந்ததனைத்தையும் முதலில் அவர்களுக்கு உரைத்தார். அவர்களும் பழமும் கிழங்கும் கொணர்ந்து உபசரித்தனர். செய்தியைத் தனியே எடுத்துச் சென்றிருந்தால் புகழ் முழுவதும் அவருக்கே உரியதாயிருக்கும். அவர் அவ்வாறு செய்யாமையினாலன்றோ, தாவாமல் கரையில் நின்றவர்களும் 'நாம் கண்டோம்' என்ற நிறைவோடு கிஷ்கிந்தைக்கு நடந்தனர்!

வழியில் மதுவனம். மஹாராஜருக்கே உரிய தேன்வனம் அது. அவருடைய மாமனாகிய ததிமுகன் காவல். முதலிகள் அங்கதனைக் கேட்க, அவன் பெரியோரின் இசைவு பெற்று அனுமதி கொடுத்தான். பிறகு நடந்த கூத்து ஸுந்தர காண்டத்தைப் பாராயணம் செய்வோர் அறிந்ததே. தேனைக் குடித்தார்கள், கிளைகளை முறித்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள், தடுத்த காவலரையும் ததிமுகனையும் அடித்தார்கள். ததிமுகன் ஓடிச்சென்று முறையிட்டான்.

மஹாராஜர் சினந்திருக்கலாம். கெடு கடந்து வந்தவர்கள், அதன்மேல் அரசனின் வனத்தை அழித்தவர்கள். ஒரு குற்றத்துக்கு இரண்டு குற்றம். ஆனால் அவர் சிந்தித்தார். காரியம் கைகூடாமல் வந்தவர்களுக்கு இத்துணை துணிவு வராது. பிராட்டியைக் கண்டிருக்கிறார்கள், கண்டவர் அனுமானாகவே இருத்தல் வேண்டும் என்று இளைய பெருமாளிடம் மகிழ்ந்து கூறினார். ததிமுகனையும் அவர் கடிந்தாரில்லை; காரியம் முடித்து வந்தவர்களின் செயலைத் தாம் பொறுத்ததாகச் சொல்லி, அவர்களை விரைந்து அனுப்புமாறு அன்போடு ஏவினார். மரணத்தைச் சொல்லி அனுப்பியவர், கெடுவைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. விதியை எழுதுங்கால் கடுமையாக எழுதினவரே, விதியைப் பிரயோகிக்குங்கால் முகத்தைப் பார்த்துப் பிரயோகித்தார். மஹாராஜரின் மேன்மை இங்கே தெரிகிறது. அங்கதன் முன்பு அவரைக் குறித்து எண்ணியது தவறு என்பதும் இங்கே தெரிகிறது. ஆனால் அந்தத் தவறான எண்ணத்துக்கு விதை எவர் இட்டார் என்பதையும் மறக்கலாகாது.

ததிமுகன் திரும்பி வந்து அங்கதனை வணங்கிப் பொறுத்தருள வேண்டினான். உடனே புறப்பட வேண்டும். அங்கதனோ தன் சேனையை நோக்கிச் சொன்ன வார்த்தை, ஆளப் பிறந்தவர் யாவரும் பொன்னெழுத்திற் பொறிக்கத் தக்கது. தான் யுவராஜனாயினும் அவர்களுக்கு ஆணையிடத் தனக்கு அதிகாரமில்லை என்றும், காரியத்தை முடித்து நிற்கும் அவர்களை மேலாண்மை செய்வது தனக்குத் தகாது என்றும், அவர்கள் சொன்னபடியே தான் செய்வதாகவும் கூறினான். அதனைக் கேட்ட முதலிகள், செல்வச் செருக்கால் 'நானே' என்று எண்ணுவதுதான் உலக வழக்கம், இவ்வடக்கம் வேறு யாரிடம் உண்டு என்று வியந்தனர். சில நாள் முன்னர் சாவுக்கு அமர்ந்திருந்த இளவரசன் இவன். உழைப்பவரின் நடுவே பசித்தும் அழுதும் இருந்ததனால் வந்த ஞானம் அது. அரண்மனையில் இருந்தே ஏவியிருந்தால் வந்திராது.

இனிப் பெருமாளுடைய திருவுள்ளம். யுத்த காண்டத்தின் தொடக்கத்திலேயே, திருவடி செய்ததைக் கேட்ட பெருமாள் பணியாளரை மூவகையாகப் பகுத்துப் பேசுகிறார். அரிய காரியத்தில் ஏவப்பட்டு, அதனை முடித்து, அதற்கு ஒத்த மற்றொன்றையும் அன்போடு செய்பவன் உத்தமன். ஆற்றலிருந்தும் சொன்ன அளவே செய்பவன் மத்யமன். ஆற்றலிருந்தும் சொன்னதையும் செய்யாதவன் அதமன். இவ்வாறு பொதுவில் 'நன்று' என்று விடாமல், செய்தது இன்னது, அதனால் விளைந்தது இன்னது, தாமும் தம் குலமும் காக்கப்பட்டது இன்னவாறு என்று எடுத்துக் கூறுகிறார். பாராட்டுக்கு இதுவன்றோ உயிர்? செய்ததை அறியாமல் புகழ்பவனுடைய புகழ், பெயரை அறியாமல் அணிவிக்கும் மாலை போன்றது. அதன்பின், இனிய செய்தி சொன்னவனுக்குத் தக்க பரிசளிக்க இப்போது தம்மிடம் ஒன்றுமில்லையே என்று பெருமாள் வருந்துகிறார். நாடிழந்து மரவுரி தரித்து நிற்கும் அவரிடம் எஞ்சியிருந்த ஸர்வஸ்வம் அவருடைய திருமேனியே; அதனால் திருவடியைத் தழுவிக்கொண்டார்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். ஏவலாளரை வேலை முடிந்த பின்னரே புகழ வேண்டும் என்று நீதி கூறுவர். முன்னரே புகழ்ந்தால் கெட்டுவிடுவர் என்பது உலகோர் எண்ணம். அங்ஙனமாயின் ஜாம்பவான் வேலைக்கு முன்னரே புகழ்ந்தது எப்படிப் பொருந்தும்? பொருந்தும். பின்னர்ச் சொல்லும் புகழ் செய்ததற்கு ஈடு. முன்னர்ச் சொல்லும் புகழ் மறந்ததற்கு நினைவூட்டு. ஜாம்பவான் இல்லாததொன்றையும் ஏற்றிச் சொல்லவில்லை. அவர் சொன்னவை யாவும் திருவடியிடம் முன்னரே இருந்தவை. கெடுப்பது பொய்ப்புகழ், மெய்யைச் சொன்னதனால் கெட்டவர் இலர்.

மற்றோர் ஆக்ஷேபம் இதனினும் வலியது. ஆலிங்கனமே பரிசானால், பல்லோர்க்கு அது மிக எளிதாய்ப் போய்விடுமே! கூலியைக் குறைத்துவிட்டுத் தோளைத் தட்டிக் கொடுத்து அனுப்புகிற எஜமானர்கள் எக்காலத்தும் உண்டு. கைங்கர்யம் என்ற பெயரைச் சொல்லி, வயிற்றுக்கு இல்லாதவனிடம் இலவசமாக வேலை வாங்குவது கோயில்களிலும் நடவாததன்று. இதற்குப் பெருமாளே விடையளித்திருக்கிறார். சித்திரகூடத்தில் தம்மை அழைக்க வந்த பரதாழ்வானிடம் ராஜ்ய விசாரணை செய்யும்போது, சேனைக்கு உரிய உணவும் ஊதியமும் உரிய காலத்தில் தாமதமின்றிக் கொடுக்கப்படுகின்றனவா என்று கேட்கிறார்; ஊதியம் பிந்தினால் பணியாளர் தலைவனிடம் சினம் கொள்வர், அது பெருங்கேடாய் முடியும் என்றும் சொல்கிறார். தந்தையை இழந்த தம்பி காலடியில் கிடந்து அழும் வேளையிலும் கூலியாளின் கூலியை அவர் மறக்கவில்லை. இல்லாதபோது தழுவினார், இருந்தபோதோ, இராவண வதத்துக்குப் பின் ஸ்ரீவிபீஷணாழ்வானிடம் சொல்லி, வானரர் ஒவ்வொருவர்க்கும் ரத்னங்களும் பொருளும் வழங்குவித்தார். அதற்கும் முன்னே, இந்திரன் வரம் கேள் என்றபோது தமக்கென்று ஒன்றும் கேளாமல், போரில் மாண்ட வானரர் எழ வேண்டும், அவர்கள் வாழுமிடங்களில் பருவமல்லாத காலத்திலும் காயும் கனியும் கிழங்கும் கிடைக்க வேண்டும், ஆறுகள் தெளிந்த நீரோடு ஓட வேண்டும் என்று கேட்டார்.

காயும் கிழங்கும் தெளிந்த நீரும் என்றவுடனே நம் மேற்றிசையில் தெரியும் கல்வராயன் மலை நினைவுக்கு வரும். கோமுகி ஆறு இறங்கிவரும் மலை அது. மலைவாழ் மக்கள் கரியராமன் என்னும் திருநாமத்தால் தெய்வத்தை வழிபட்டு வரும் மலை. நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த அந்த மலைநாட்டில் குடிகளிடம் கூலியில்லா ஊழியம் வாங்கப்பட்டு வந்தது. 1976-ஆம் ஆண்டிலேதான் அது அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடு முழுமைக்கும் நிறைவேறியதும் அதே ஆண்டு. கூலியின்றிச் சுமை சுமந்தவர்களின் பேரன்மார் இன்று பஸ்ஸேறி வந்து உத்ஸவத்தில் வடம் பிடிக்கிறார்கள். அவர்களைக் கோயில் வாசலில் எப்படி அழைக்கிறோம், பந்தியில் எங்கே அமர்த்துகிறோம் என்பதை மேற்பார்வை செய்வோர் கவனிக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை அன்பர்கள் அறிவர். அச்சிற்பிகள் விசுவகர்மாவின் வழியினராகத் தம்மைக் கூறிக்கொள்வர். விசுவகர்மாவின் புதல்வனாகிய நளனும் திருவடியைப் போலவே வாய் திறவாமல் சேனையில் நின்றவன். கடலரசன் வந்து சொன்ன பின்னரே அவன் ஆற்றல் வெளிப்பட்டது. முன்னரே ஏன் சொல்லவில்லை எனில், கேளாதபோது தன் குணத்தைத் தானே சொல்லிக்கொள்வது முறையன்று என்கிறான். முதல் நாள் 14 யோஜனை, பிறகு 20, 21, 22, 23 என ஐந்து நாளில் நூறு யோஜனை முடிந்தது. வேலை நாளுக்கு நாள் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை; சேனை களைப்படையவில்லை என்பதற்கு அக்கணக்கே சாட்சி. நளன் போன்றோர் ஒவ்வொரு சேனையிலும் உண்டு. அவர்கள் தாமே முன்வந்து சொல்லார், கேட்கிறவர் வேண்டும். அதே அணையில் தொண்டரடிப்பொடியாழ்வார் அணிலையும் கண்டு, அதற்கும் திருமாலையில் ஓர் இடம் அளித்தார்.

எதிர்ப்பக்கத்து நிர்வாகத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லி விடலாம். மாரீசனுக்கு இராவணன் பாதி ராஜ்யம் தருவதாகச் சொன்னான். மறுத்தால் கொல்வேன் என்றும் சொன்னான். மாரீசன் இணங்கினான், எப்படியும் சாவு, பெருமாள் கையால் சாவது மேல் என்று எண்ணி இணங்கினான். ஸ்ரீவிபீஷணாழ்வானோ ஹிதம் சொன்னதற்காகச் சபை நடுவே இகழப்பட்டு, நால்வரோடு வானில் எழுந்து கடலைக் கடந்தார். இலங்கையின் ரஹஸ்யமெல்லாம் அறிந்தவர் ஒரே நாளில் எதிர்ச்சேனையில் இருந்தார்.

பின்னாளில் எம்பெருமானார் திருவரங்கத்தில் கோயிற் கொத்துக்களைச் சீர்திருத்திப் பத்துக் கொத்தாக வகுத்ததைக் கோயிலொழுகு விரித்துரைக்கும். இன்ன கைங்கர்யம் இன்னாருக்கு என்பதோடு, இன்ன மரியாதையும் ப்ரஸாதமும் இன்னாருக்கு என்பதும் அதிலே அடங்கும். வேலையைப் பகுத்தவர் மரியாதையையும் பகுத்தார். மேல்கோட்டையில் செல்வப்பிள்ளையை மீட்டெழுந்தருளச் செய்தபோது துணைநின்ற தாழ்த்தப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டழைத்து, ஆண்டில் சில நாள் கோயிலுள் புகும் உரிமையும் அளித்தார் என்பது ஸம்ப்ரதாயச் செய்தி. காரியம் முடிந்த அன்றைக்கு நன்றி சொல்வது எளிது. அவரோ ஆண்டுதோறும் நினைக்கும்படி அதனை உத்ஸவ க்ரமத்திலேயே எழுதி வைத்தார். இக்காலத்தில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று முன்மண்டபத்தில் வாதாடுவோர், தேர் நிலைக்கு வந்த பின்னர் முட்டுக்கட்டைக்காரருக்கு ஒரு தீர்த்தமும் சடாரியும் ஸாதிக்கப்பட்டனவா என்று கேட்டால் நன்றாயிருக்கும். அன்று அவர்கள் ஸேவிக்கவில்லையே. திரை சாத்துமுன் அவர்களை முன்னே அழைத்து ஸேவை செய்விக்கப் பணம் ஒன்றும் செலவாகாது.

திருவயோத்தியில் பட்டாபிஷேகம் நிறைவேறிற்று. பெருமாள் மஹாராஜருக்குப் பொன்மாலையும், அங்கதனுக்குத் தோள்வளைகளும் அளித்தார். பிராட்டிக்கு ஒளி மிக்க முத்தாரம் ஒன்றை அணிவித்தார். பிராட்டி அந்த ஆரத்தைத் திருக்கழுத்திலிருந்து கழற்றிக் கையில் ஏந்தி, வானரர்களையும் பெருமாளையும் மாறி மாறி நோக்கினாள். அவள் கருத்தை அறிந்த பெருமாள், யாரிடம் உகப்புக் கொண்டாயோ அவர்க்கே கொடு என்றார். பிராட்டி அதனைத் திருவடிக்கு அளித்தாள். மற்றை முதியவர்களும் முதலிகளும் ஒவ்வொருவராக ஆடையும் ஆபரணமும் பெற்று, மனம் நிறைந்து தத்தம் இடங்களுக்கு மீண்டனர்.